மீரா பீவி பார்த்த கோடுகள்

சங்கரன்கோவிலில் பத்திர ஆபீசுக்கு எதிர் வரிசையில், ஜெராக்ஸ் கடைக்கும் டீக்கடைக்கும் இடையே ஒடுங்கலாக ஒரு டைப்பிங் கடை இருக்கிறது. போர்டு கிடையாது. கதவில் ஒட்டிய காகிதத்தில் "தமிழ், ஆங்கிலம் டைப் செய்து தரப்படும்" என்று மட்டும் போட்டிருக்கும். அதை நடத்துகிறவர் மீரா பீவி. வயது நாற்பத்தேழு. கணவர் சித்தீக் மஸ்கட்டில் லாரி ஓட்டுகிறார். ஒரே மகளைக் கடையநல்லூரில் கட்டிக் கொடுத்தாயிற்று. கல்யாணத்துக்கு முன்பே தட்டச்சு ஹையர் பாஸ் செய்தவர். விரலைப் பார்க்காமல் அடிப்பார். அடித்ததை மட்டும் இரண்டு முறை நிறுத்தி நிதானமாகப் படிப்பார். பத்திரத்தில் சர்வே எண்ணில் ஓர் இலக்கம் பிசகினால் ஒருவருடைய நிலம் இன்னொருவருடையதாகிவிடும் என்கிற பயம் அவருக்கு எப்போதும் உண்டு.

அவருடைய லேப்டாப்பில் விண்டோஸ் கிடையாது, லினக்ஸ். ஆறு வருஷத்துக்கு முன்னால் வைரஸ் புகுந்து அத்தனை ஃபைலும் போன பிறகு, அப்போது இங்கே சர்வீஸ் கடை வைத்திருந்த பாண்டிராஜ் போட்டுக்கொடுத்தது. பாண்டிராஜ் பிறகு கோயம்புத்தூருக்குப் போய்விட்டான். மீரா பீவி தாமாகவே பழகிக்கொண்டார். பிரிண்டர் முரண்டு பிடித்தால் கட்டளை அடிக்கிற டெர்மினலைத் திறந்து அவரே சரிசெய்கிற அளவுக்கு வந்துவிட்டார்.

போன வருஷம் அவருக்கு வலது கண்ணில் லேசர் வைத்தார்கள். பதினோரு வருஷச் சர்க்கரை, விழித்திரையில் கைவைத்துவிட்டது. திருநெல்வேலியில் பார்த்த டாக்டரம்மா கடைசியாகச் சொன்ன வார்த்தை அவர் மனசில் அப்படியே தங்கிவிட்டது: "மின்னல் வெட்டுற மாதிரியோ, கோடு கோடாவோ, திரை விழுந்த மாதிரியோ ஏதாவது தெரிஞ்சா தள்ளிப்போடாதீங்க. உடனே வந்துடணும்."

அந்தத் திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்குக் கோடு தெரிந்தது.

குருவிகுளம் பக்கத்து நிலம் ஒன்றின் கிரயப் பத்திரம். அடித்து முடித்து, நான்கு எல்லைகளையும் சரிபார்க்கக் கையை எடுத்துவிட்டுப் படிக்க ஆரம்பித்தார். திரையின் கீழ்ப்பாதியில் வெள்ளை வெள்ளையாக மெல்லிய கோடுகள் துடித்தன. எழுத்துகள் ஒரு கணம் நடுங்கி நின்றன. மறுபடி துடித்தன. கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தார். ஒரு பிழையைத் திருத்தியபோது கோடு இல்லை. மறுபடி படிக்க உட்கார்ந்தால் வந்துவிட்டது.

இடது கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்தார். கோடு இருந்தது. வலதைப் பொத்தினார். அப்போதும் இருந்தது.

ரெண்டும் போயிட்டுதா என்று நினைத்தார்.

அந்த நேரத்தில் பத்திர எழுத்தர் சங்கரபாண்டி உள்ளே வந்தார். மீரா பீவிக்கு வரும் வேலையில் பாதி அவர் கொண்டுவருவதுதான்.

"அண்ணாச்சி, ஒரு நிமிசம் இங்கன பாருங்களேன். திரையில ஏதாச்சும் கோடு தெரியுதா?" என்று மவுசைப் பிடித்து, அம்புக்குறியால் கீழ்ப்பாதியை வட்டம் போட்டுக் காட்டினார்.

சங்கரபாண்டி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். "எங்கன தாயி?"

"இந்தா, இங்கனதான்." அம்புக்குறி மேலும் கீழும் போய்வந்தது.

"ஒண்ணும் இல்லையே. நல்லா பளிச்சுன்னுதான் இருக்கு."

அம்புக்குறியை நகர்த்திக்கொண்டிருந்தபோது மீரா பீவியின் கண்ணுக்கும் கோடு தெரியவில்லை. ஆனால் அதை அவர் கவனிக்கவில்லை. அண்ணாச்சி "இல்லை" என்றது மட்டுமே காதில் நின்றது. அண்ணாச்சி போன பிறகு மீரா பீவி கடைசியாக ஒன்று செய்து பார்த்தார். கோடு துடித்துக்கொண்டிருந்தபோதே திரையை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, ஃபோனுக்கு அனுப்பிப் பார்த்தார். படம் சுத்தமாக இருந்தது. ஒரு கோடுகூட இல்லை.

அதற்கு மேல் அவருக்குச் சந்தேகம் இருக்கவில்லை. மெஷின் நன்றாக இருக்கிறது. கோடு தன் கண்ணில்தான்.

டாக்டரம்மா உடனே வரச் சொல்லியிருந்தார். ஆனால் மீரா பீவி உடனே போகவில்லை. போனால் தெரிந்துவிடும். தெரிந்துவிட்டால் அப்புறம் அது இல்லையென்று ஆகாது. செவ்வாய்க்கிழமை முழுக்க அப்படித்தான் கழிந்தது. வீட்டில் அடுப்பங்கரைச் சுவரையும், காலண்டர் எண்களையும், தெருவில் போகிற பஸ்ஸின் பெயர்ப்பலகையையும் ஒவ்வொரு கண்ணாகப் பொத்திப் பொத்திப் பார்த்தார். எங்கும் கோடு இல்லை. அதில் ஆறுதல் வரவில்லை. இன்னும் அங்கே வரவில்லை, அவ்வளவுதான் என்று தோன்றியது. சாயங்காலம் மஸ்கட்டிலிருந்து சித்தீக் பேசினார்.

"என்ன மீரா, குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"ஒண்ணுமில்லைங்க. சளி."

ஃபோனை வைத்த பிறகு, கண் போய்விட்டால் வீடியோவில் அவர் முகம் எப்படித் தெரியும் என்று யோசித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

புதன்கிழமை ஒரு தவறு நடந்தது. 214/3 என்று இருக்கவேண்டிய சர்வே எண்ணை 214/8 என்று அடித்திருந்தார். இரண்டு முறை படித்தும் கண்ணில் படவில்லை. சங்கரபாண்டிதான் நகலிலேயே கண்டுபிடித்தார்.

"ஒனக்கு என்ன செய்யுது தாயி? நீ இப்படி விடுத ஆள் இல்லையே."

"நாளைக்கு ஒரு நாள் லீவு அண்ணாச்சி. திருநவேலி வரைக்கும் போகணும்" என்றார் மீரா பீவி.

வியாழக்கிழமை முதல் பஸ்ஸில் கிளம்பினார். ஜன்னலோரத்தில் உட்கார்ந்து, வழிநெடுக ஓதிக்கொண்டே போனார். ஆஸ்பத்திரியில் சொட்டு மருந்து விட்டு, கண் பாப்பா விரியும் வரை உட்காரவைத்து, இரண்டு கண்ணுக்குள்ளும் வெளிச்சம் பாய்ச்சிப் பார்த்தார்கள். டாக்டரம்மா வெகுநேரம் பார்த்தார். அந்த நேரம் முழுவதும் மீரா பீவி நாற்காலியின் கைப்பிடியை விடவில்லை.

"ரெட்டினா நல்லா ஒட்டியிருக்கும்மா. லேசர் வச்ச இடமும் அப்படியேதான் இருக்கு. போன தடவைக்கு இப்ப எந்த மாற்றமும் இல்லை. கோடு எப்பத் தெரியுது?"

"எழுத்தை உத்துப் படிக்கும்போது, மேடம்."

கம்ப்யூட்டரில் என்று அவர் சொல்லவில்லை. சொல்லவேண்டும் என்று தோன்றவே இல்லை.

"கண்ணுல எதுவும் இல்லை. இன்னும் ஒரு வாரம் பாருங்க. நிக்கலைன்னா நரம்பு டாக்டர் ஒருத்தரைப் பாத்துரலாம். சுகர்தான் கூடியிருக்கு, அதை முதல்ல குறைங்க."

கண் நன்றாக இருக்கிறது என்று கேட்டதும் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் திரும்பி வரும் பஸ்ஸில் அவருக்கு நரம்பு என்கிற வார்த்தைதான் ஓடிக்கொண்டிருந்தது. கண்ணில் இல்லை என்றால் தலையில். அவருடைய சின்னம்மாவுக்குத் தலையில்தான் கட்டி வந்தது. மருந்தில் விரிந்த கண்ணுக்கு வெயில் தாங்கவில்லை. முக்காட்டை முகத்துக்கு இழுத்துவிட்டுக்கொண்டு, கண்ணை மூடியபடியே ஊர் வந்து சேர்ந்தார்.

வீட்டுக்குத்தான் போயிருப்பார். ஆனால் பஸ் ஸ்டாண்டிலேயே ஃபோன் வந்தது. மேலநீலிதநல்லூர் சுமதி. பட்டாவில் அவள் அப்பா பெயர் தப்பாக ஏறியிருந்தது. தாசில்தாருக்கு மனு அடிக்க வியாழக்கிழமை மத்தியானம் வரச்சொல்லி மீரா பீவிதான் போன வாரம் சொல்லியிருந்தார். பூட்டிய கடை வாசலில் அவள் நிற்கிறாள். நாளைக்கு மனுவைக் கொடுத்தாக வேண்டும்.

கடையைத் திறந்து, லேப்டாப்பைப் போட்டு, வெறும் பக்கம் ஒன்றைத் திறந்தார். எல்லாம் வெள்ளைப் புகையாகத் தெரிந்தது. சொட்டு மருந்தின் வேகம் குறைய இன்னும் மூன்று மணி நேரமாவது ஆகும்.

"சுமதி, நீ எழுதிட்டு வந்ததை வாசி. நான் அடிக்கேன். எனக்கு இப்பக் கண்ணு தெரியாது, மருந்து விட்டிருக்காங்க" என்றவர், விசைகளின் மேல் கைவைக்காமல் மடியில் போட்டுக்கொண்டார். நாலு நாளாக அடக்கிவைத்தது பொங்கி வந்தது. முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்தார். சுமதி மருந்துக்கு வடியும் நீர் என்று நினைத்து, பின்னால் பெஞ்சில் பொறுமையாகக் காத்திருந்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து அவள் கேட்டாள்: "ஏன்க்கா, ஒங்க கம்ப்யூட்டர் ஏன் இப்படி வெட்டுது?"

மீரா பீவி திரும்பவில்லை. "என்ன வெட்டுது?"

"கீழ பாதில வெள்ளையா கோடு கோடா வருது பாருங்க. எங்க வீட்டுப் பழைய டிவில இப்படித்தான் வரும்."

"ஒனக்குத் தெரியுதா?"

"தெரியாம என்ன. இந்தா, இப்பக்கூட வெட்டுதே."

மீரா பீவி மெதுவாகக் கையை எடுத்து மவுசை ஓர் அங்குலம் நகர்த்தினார். "இப்ப?"

"இப்ப இல்லை."

கையை எடுத்தார். மூன்று வரை எண்ணினார். "இப்ப?"

"வருதுக்கா."

நகர்த்தினார், நிறுத்தினார், நகர்த்தினார். சுமதி "இல்லை, வருது, இல்லை" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். ஐந்தாவது தடவையோடு மீரா பீவி மவுசை விட்டுவிட்டார். திங்கட்கிழமையிலிருந்து தான் படிக்க உட்கார்ந்தபோதெல்லாம் கோடு வந்ததற்கும், அண்ணாச்சிக்குக் காட்டியபோது வராததற்கும் காரணம் புரிந்துவிட்டது. ஆனாலும் மனசு அதை ஒரேயடியாக நம்பவில்லை. சுமதியிடம் ஃபோனில் பாண்டிராஜின் எண்ணைத் தேடச் சொல்லி, கோயம்புத்தூருக்குப் பேசினார்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு பாண்டிராஜ் ஒரே கேள்விதான் கேட்டான். "அக்கா, அப்டேட் எதுவும் போட்டியளா?"

யோசித்துப் பார்த்தார். சனிக்கிழமை கடை அடைக்கும்போது அப்டேட் வந்திருக்கிறது என்று காட்டியது. வழக்கம்போல அமுக்கிவிட்டு, ரீஸ்டார்ட் செய்யாமல் லேப்டாப்பை மூடிவைத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை சார்ஜ் தீர்ந்து அணைந்தது. திங்கட்கிழமைதான் புதிதாக ஆன் ஆனது.

"அதான். திங்கக்கிழமை புது கெர்னல்ல, அதாவது லினக்ஸோட அடிப்படை புரோகிராம்ல, ஏறியிருக்கு. ஸ்கிரீன்ல அசைவு இல்லைன்னா கரண்ட் மிச்சம் பண்ண கிராஃபிக்ஸ் டிரைவர் கொஞ்சம் தூங்கும். ஒங்க லேப்டாப்ல அது தூங்கும்போது உதறுது."

"ஸ்கிரீன்ஷாட்ல வரலையே பாண்டி?"

"அதுல வராதுக்கா. படம் உள்ள சரியாத்தான் இருக்கு. ஸ்கிரீனுக்குப் போற வழியிலதான் கெடுது. ஃபோன்ல வீடியோ எடுத்திருந்தியன்னா தெரிஞ்சிருக்கும்."

சுமதி வீடியோ எடுத்து அனுப்பினாள். பார்த்துவிட்டு, "இதேதான்" என்றான் பாண்டிராஜ். முதலில் லேப்டாப்பை ரீஸ்டார்ட் செய்து, தொடக்க மெனுவில் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்து ஏறச் சொன்னான். மெனுவைச் சுமதி வாசிக்க, மீரா பீவி அம்பு விசையை அமுக்கி ஒவ்வொரு வரியாக இறங்கினார். திரை வந்தது. கையைக் கட்டிக்கொண்டு இருவரும் உட்கார்ந்திருந்தார்கள்.

"வெட்டலைக்கா" என்றாள் சுமதி, ஒரு நிமிஷம் கழித்து.

புது கெர்னலிலேயே அந்தத் தூக்கத்தை நிறுத்திவிட ஒரு வரி உண்டு என்றும், மெனுவில் ஒருதடவை மட்டும் சேர்த்துப் பார்க்கலாம், சரிப்பட்டால் நிரந்தரமாக எழுதிக்கொள்ளலாம் என்றும் சொல்லி பாண்டிராஜ் அதை வாட்ஸ்அப்பில் அனுப்பினான். மீரா பீவிக்கு மறுபடி பயம் வந்தது. கடையில் இருக்கிற அத்தனை பத்திரமும் இதற்குள்தான். ஏறாமல் போய்விட்டால்?

"ஏறலைன்னா அணைச்சுப் போடுங்க, பழையபடி ஆயிரும். பயப்படாதீங்க" என்றான் அவன்.

"வாசி சுமதி. ஒவ்வொரு எழுத்தா."

"சின்ன ஐ. ஒம்பது, ஒண்ணு, அஞ்சு. புள்ளி. இ, என், ஏ, பி, எல், இ. கீழ ஒரு கோடு. பி, எஸ், ஆர். சமம். சைபர்."

கண்ணை மூடிக்கொண்டே அடித்தார். அடித்ததைச் சுமதி திரும்பப் படித்துக்காட்டினாள். இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். பிறகுதான் விசையை அமுக்கினார். திரை முழுக்கக் கறுத்தது. பத்து வினாடி ஆயிற்று, இருபது ஆயிற்று. "பாண்டி, ஒண்ணும் வரலை" என்றார் ஃபோனில். "இருங்க" என்றான் அவன். "அல்லாஹ்வே" என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டிருந்தபோது வெளிச்சம் கண்ணில் குத்தியது.

தொடாமல் பார்த்தார்கள். சுமதி பக்கத்தில் வந்து, முகத்தைத் திரையருகே கொண்டுபோய்ப் பார்த்தாள். ஐந்து நிமிஷம் பார்த்தாள். கோடு இல்லை.

அந்த வரியை நிரந்தரமாக எழுதி முடித்தபோது மணி நாலரை. சுமதி மனுவை வாசிக்க, மீரா பீவி அடித்தார். கண் பாப்பா சுருங்கத் தொடங்கி, எழுத்துகள் ஒவ்வொன்றாகப் புகையிலிருந்து வெளியே வந்தன. நடுவில் சித்தீக் கூப்பிட்டார். இந்தத் தடவை மீரா பீவி மறைக்காமல் எல்லாம் சொன்னார்.

"திருநவேலிக்குத் தனியாவா போன?" என்றார் சித்தீக்.

"ஒங்ககிட்ட எப்படிச் சொல்லுவேன்? அங்கன வண்டி ஓட்டிக்கிட்டு இருக்கிய."

"கோடு போயிட்டு. சரி. சுகர் கூடியிருக்குன்னு சொன்னாங்களே, அது என்னாச்சு?"

மீரா பீவி சனிக்கிழமை ரத்த டெஸ்ட் கொடுப்பதாகச் சொல்லிவிட்டு வைத்தார்.

பிரிண்ட் எடுத்த மனுவை வழக்கம்போல இரண்டு முறை படித்தார். சரியாக இருந்தது. கொடுத்தனுப்ப மனசு வராமல், "நீயும் ஒருதரம் பாத்துரு" என்று சுமதியிடம் நீட்டினார். அவள் விரல் வைத்து வரிவரியாகப் படித்து, மூன்றாவது வரியில் நின்றாள்.

"அக்கா, எங்க ஊர் பேருல ஒரு எழுத்து விட்டிருக்கு."

மீரா பீவி காகிதத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "மேலநீலிதநல்லூர்" என்பதில் "த" இல்லை. விரல் செய்த பிழையா, கண் செய்த பிழையா என்று யோசித்தார். பிறகு யோசனையை விட்டுவிட்டு, எழுத்தைச் சேர்த்து, இன்னொரு பிரிண்ட் போட்டார்.