பானெட் மேல் வைத்த புழு பாட்டில்

பிளனேரியா என்ற தட்டைப்புழுவைத் தேடி இந்தப் பக்கம் வருகிறவர்கள் நாலு பேராவது இருப்பீர்கள், உங்களுக்காக இது. 2009 பிப்ரவரி. திண்டிவனத்தில் என் எம்.ஃபில் ஆய்வேட்டைக் கொடுக்கப் பத்து நாள்தான் பாக்கி. புழுவின் உடலிலிருந்து நரம்பு, அது இரை விழுங்கும் தொண்டைக்குழலுக்குள் எப்படி இறங்குகிறது என்று காட்ட வேண்டும். அதற்குக் குழல் உடலோடு ஒட்டியிருக்கும் முழுப் புழு வேண்டும். இரண்டு பயணம் வீணாகி அலுத்துப் போயிருந்தேன்.

காலை 5.40க்கு பஸ். விழுப்புரம் நாற்பது கிலோமீட்டர், 16 ரூபாய். அங்கிருந்து திருவெண்ணெய்நல்லூருக்கு 9 ரூபாய். ஒரு பம்ப்செட் தொட்டியில் ஈரல் துண்டை நூலில் கட்டி இறக்கினேன். கரும்புக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்த நிலத்துக்கார அம்மா எட்டிப் பார்த்தார்.

"மீனு புடிக்கிறியாம்மா?"

"புழுங்க."

"புழுவுக்கு ஈரலா! எங்களுக்கே ஞாயித்துக்கெழம மட்டுந்தான்."

ஒன்றரை மணி நேரத்தில் பதினொரு புழுக்கள் ஈரலில் ஒட்டின.

விழுப்புரத்திலிருந்து திரும்பும் பஸ்ஸில் நிற்கக்கூட இடமில்லை. "பைய இங்க குடும்மா" என்று டிரைவர் வாங்கி, பக்கத்தில் எஞ்சினை மூடியிருக்கும் பானெட் மேல் வைத்தார். நம் ஊர் வழக்கம்தானே, நிற்பவர்கள் சுமையெல்லாம் அங்கேதான் போகும். பைக்குள் புழு பாட்டில். கம்பியைப் பிடித்தபடியே தூங்கிவிட்டேன்.

திண்டிவனத்தில் இறங்கி எடுத்தால் பாட்டில் டீ கிளாஸ் மாதிரி சுட்டது. பதினொன்றும் செத்திருந்தன. சாகுமுன் குழலைக் கழற்றி விட்டிருந்தன. இடியாப்பத் துணுக்குகள் போல வெள்ளைக் குழல்கள் தனியாக நெளிந்தன. மிச்ச ஈரலைக் கிள்ளிப் போட்டேன். ஒரு குழல் நுனியைத் திறந்து விழுங்கியது. வட்டத் தசை இறுக்க, நீளத் தசை சுருங்க, ஈரல் மறுமுனை வழியே வெளியே வந்தது. குழலுக்கென்று சொந்த நரம்பு வலை உண்டு, தலையின் உத்தரவு தேவையில்லை என்று படித்திருக்கிறேன். பார்த்தது அன்றுதான்.

டிரைவரும் இறங்கி வந்து குனிந்து பார்த்தார். "வவுறே இல்ல, இன்னாத்துக்கு முழுங்கிக்கினு கெடக்குது?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. விஷயத்தைச் சொன்னேன்.

"அடடா, நாந்தான் பேஜாரு பண்ணிட்டேனா? இதே வண்டி பத்து நிமிஷத்துல விழுப்புரம் போவுதும்மா. ஏறு. முன்னாடி சீட்டுல துண்டு போட்டு வெக்கிறேன்."

மறுபடி 16, மறுபடி 9. ஈரலுக்குத் தனியாக அலைய வேண்டாம், கையிலேயே கூடுதலாக எடுத்துப் போங்கள். பாட்டிலை ஈரத்துணியில் சுற்றி மடியில் வையுங்கள். எவ்வளவு கூட்டமானாலும் பானெட்டுக்குக் கொடுக்காதீர்கள்.

ஆய்வேட்டில் இருப்பது அன்று மாலை மடியில் வந்த நான்கு புழுக்கள். நன்றிப் பக்கத்தில் எல்லோர் பெயரும் இருக்கிறது, அந்த டிரைவர் பெயர் மட்டும் இல்லை. கேட்க வேண்டும் என்று தோன்றவே இல்லை, அவ்வளவு அலுப்பு.