மணலில் மாட்டிய மவுண்டன் பைக்

காரைக்காலில் மலை கிடையாது. ஆற்றுப்பாலம்தான் எங்கள் சிகரம். ஆனாலும் என்னிடம் மவுண்டன் பைக் ஒன்றும், அதைப் பற்றி ஏராளமான அபிப்பிராயங்களும் இருந்தன.

மணலில் ஓட்டுவதென்றால் டயரில் பாதிக் காற்றை இறக்கிவிட வேண்டும் என்று எங்கள் சைக்கிள் வாட்ஸ்அப் குழுவில் பக்கத்து ஊரான நெரவியைச் சேர்ந்த டீச்சர் ஒருவர் எழுதினார். “பாடத்தைப் பள்ளிக்கூடத்தில் நடத்துங்கள்” என்று நான் பதில் போட்டேன். நாற்பது பேர் சிரித்தார்கள். அவர் குழுவைவிட்டே போய்விட்டார்.

அடுத்த ஞாயிறு பட்டினச்சேரிக் கடற்கரையில் முன்சக்கரம் புதைந்து, நான் குப்புற விழுந்தேன். படகு இன்ஜினைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்த மீனவர் ஒருவர் என்னைத் தூக்கிவிட்டார்.

“என்னங்க, கல்லு மாதிரி காத்தடிச்சு வச்சிருக்கீங்க! எங்க வண்டி டயரப் பாருங்க, தொளதொளன்னு கெடக்கு. இல்லன்னா மணல்ல நவுராது.”

அவரே பாதிக் காற்றை இறக்கிவிட்டார். சைக்கிள் ஓடியது.

வீட்டுக்கு வந்ததும், டீச்சர் சொன்னது சரி, நான் கேலி செய்தது தவறு என்று குழுவில் எழுதினேன். அட்மின் போனில் வந்தார்.

“அண்ணே, அத அழிச்சிருங்க. நம்ம குரூப்பு மானம் போவுது. அவங்களுக்குத் தனியா ஸாரி சொல்லுங்க, போதும்.”

“தனியாவும் சொல்லியாச்சு. கேலி பண்ணுனது எல்லார் முன்னாடியும்தானே தம்பி? அழிக்க மாட்டேன்.”

சாயங்காலமே என்னைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள். டீச்சரிடமிருந்து பதில் இல்லை. அது அவர் உரிமை. சைக்கிளைப் பற்றி நான் எழுதியவற்றில் உருப்படியானது குழுவில் போட்ட அந்தக் கடைசிப் பதிவு ஒன்றுதான். அதில் ஓர் எழுத்தையும் மாற்றுவதாக இல்லை.