வீடியோவுக்காக நான் தூக்கிய கை

இதயத்தில் பைபாஸ் சத்திரசிகிச்சை முடிந்த மறுநாள், என் கணவர் செயற்கைச் சுவாச இயந்திரத்தில் மயக்கமாகக் கிடந்தார். மணிக்கட்டின் இரத்த நாடியில் மெல்லிய குழாய் செருகியிருந்தார்கள். அதனோடு இணைத்த திரையில் ஒரு சிவப்புக் கோடு அலையாக ஏறி இறங்கியது.

"மெசின் காத்தைத் தள்ளத் தள்ள நாடியின்ரை அழுத்தம் ஏறி இறங்கும் அக்கா. அலை கூடுதலா ஆடினால் சேலைன் காணாது, இன்னும் ஏத்தவேணும் எண்டு டொக்டருக்கு விளங்கும். அதாலை இந்தக் கையை அசைச்சுப்போடாதேங்கோ," என்றார் தாதி. நானும் ஓம் என்றேன்.

அவர் அப்பால் போனதும், என்னோடு வந்திருந்த கணவரின் அண்ணன், நான் அத்தான் என்று கூப்பிடுபவர், வீடியோ அழைப்பில் இருந்த கைபேசியை நீட்டினார். "கனடாவிலை எங்கடை சொந்தக்காரர் எல்லாரும் பாத்துக்கொண்டு நிக்கினம். அவன்ரை கையை ஒருக்காத் தூக்கிக் காட்டு பிள்ளை."

தூக்கினேன். மணிக்கட்டு மடிந்தது. சிவப்புக் கோடு தட்டையாகப் படுத்தது; திரையின் எச்சரிக்கை மணி அலறியது. தாதி ஓடிவந்து கையை நேராக்கிய பிறகே அலை எழுந்தது. குழாய் கழன்றிருந்தால் இரத்தம் பீறிட்டிருக்கும் என்றார்.

அத்தான் கைபேசியை இறக்கவேயில்லை. "பயப்பிடாதேங்கோ, உது சும்மா சத்தம்," என்று கனடாவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். வாயில் குழாயும் எச்சிலுமாகக் கிடந்தவரை வேடிக்கைப் பொருளாக்க, நானல்லவா கைகொடுத்தேன்?

என் கணவர் பிழைத்து எங்கள் ஊரான புத்தூருக்கு வந்த பிறகு, கனடாவில் பதிவுசெய்து அனுப்பியிருந்த அந்த வீடியோவைப் பார்த்தார். "நீயோ தூக்கினனீ?" என்று மட்டும் கேட்டார்.

இப்போது நோயாளியைப் பார்க்கப் போகும்போது கைபேசியை வீட்டிலேயே வைத்துவிடுகிறேன். கூட வருபவர் எடுத்தால், யாரென்று பாராமல் வெளியே அனுப்புகிறேன். அப்படி ஒருமுறை நான் வெளியே அனுப்பிய அத்தான் இன்னமும் என்னோடு கதைப்பதில்லை.