சாய்ந்து நின்ற விரால்

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே வரிசை வீடுகளில் வெறும் அய்யாவு என்று கேட்டால் யாரும் வழி சொல்ல மாட்டார்கள். செத்த காலேஜ் அய்யாவு என்று கேட்க வேண்டும். மியூசியத்துக்கு மதராஸ்காரர்கள் வைத்த பெயர் அது. வைத்தவர்கள் ஒன்றும் தப்பாக வைத்துவிடவில்லை. அங்கே புலி இருந்தது, மலைப்பாம்பு இருந்தது, இருவாட்சிப் பறவை இருந்தது, எதற்கும் உயிர் இல்லை. அவற்றுக்கு உயிர் இருக்கிற மாதிரி காட்டுவதுதான் அய்யாவுவின் வேலை.

முதலில் அவர் ரயில் பட்டறையில் முதல் வகுப்புப் பெட்டிகளின் இருக்கைகளுக்கு நார் அடைத்துத் தைத்துக்கொண்டிருந்தார். கை சுத்தமான கை. அதைக் கேள்விப்பட்டு மியூசியத்துத் துரை கூப்பிட்டுக்கொண்டார். அணிலையும் குரங்கையும் அய்யாவு அருமையாகச் செய்தார். அவற்றைத்தான் வீட்டுக் கூரையிலேயே தினமும் பார்க்கிறோமே. மீனில்தான் மாட்டிக்கொண்டார். மீனை அவர் பாசாரில், அதாவது சந்தையில், பார்த்திருக்கிறார், சட்டியில் பார்த்திருக்கிறார். தண்ணீருக்குள் எங்கே பார்த்தார்?

நம் ஆட்களிடம் நல்ல மீன் எது என்று கேட்டுப் பாருங்கள். துள்ளத் துடிக்க இருக்க வேண்டும் என்பார்கள். அம்பாங்கில் ஈயம் தோண்டிய குட்டையில் பிடித்த ஒரு பெரிய விராலைத் துரை கொடுத்து, உயிரோடு இருப்பதுபோல் வை என்றபோது, அய்யாவு அந்தப் பேச்சைத்தான் நம்பினார். வாலை மேலே தூக்கி வளைத்தார். வாயை அகலத் திறந்து வைத்தார். இருக்கிற துடுப்பையெல்லாம் பாய் மாதிரி விரித்துவிட்டார். கூட வேலை செய்தவர்கள் கை தட்டினார்கள். அவரும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு ரசித்தார்.

துரை வந்து அதை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். இந்த மீன் எங்கே இருக்கிறது என்று மலாயில் கேட்டார்.

"தண்ணிக்குள்ள, துவான்."

தண்ணீருக்குள் இருக்கிற மீன் எதற்கு வாயைப் பிளந்துகொண்டு துடிக்கிறது என்று துரை கேட்டார். துள்ளுகிற மீன் செத்துக்கொண்டிருக்கிற மீன் என்பது அய்யாவுவுக்கு இத்தனை வயதில் அப்போதுதான் உறைத்தது. மாதக் கடைசிக்குள் வேறொரு விரால் வேண்டும், இதேபோல் இருந்தால் வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன் என்று துரை சொல்லிவிட்டுப் போனார். பட்டறையில் ஆட்களைக் குறைத்துக்கொண்டிருந்த காலம் அது. திரும்பிப் போகவும் இடமில்லை.

வீட்டில் வேறொரு கவலை. மகள் புஷ்பவல்லி தலைப்பிரசவத்துக்குக் கிள்ளானிலிருந்து வந்திருந்தாள். குழந்தை நல்லபடி பிறந்துவிட்டது. ஆனால் பிரசவத்தில் பட்ட புண் ஆறவில்லை, காய்ச்சல் வேறு. காய்ச்சல் விட்டதும் விரால் சாறு வைத்துக் கொடு, புண் தானாக மூடும் என்று கம்பம் என்கிற மலாய்க் கிராமத்து மருத்துவச்சி சொல்லியிருந்தாள். அய்யாவுவின் மனைவி வள்ளியம்மா பாசாரில் உயிர் விரால் ஒன்று வாங்கி வந்து குளியல் தொட்டியில் விட்டு வைத்தாள். விரால் லேசில் சாகாது, கொஞ்சம் தண்ணீர் இருந்தால் போதும்.

அய்யாவுவுக்குச் சாமி வரம் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது. ஆனால் தொட்டியில் மேலிருந்து பார்த்தால் கறுத்த முதுகுதான் தெரிந்தது. மியூசியத்தில் கழித்துப் போட்டிருந்த ஒரு கண்ணாடிப் பெட்டியைக் கேட்டு வாங்கி, தண்ணீர் ஒழுகாமல் இடுக்கெல்லாம் கீல் பூசி, மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். வீட்டில் வெளிச்சம் விழுகிற ஒரே இடம் மகள் படுத்திருந்த அறைதான். பெட்டியை அங்கே வைத்துத் தண்ணீர் ஊற்றி மீனை விட்டார்.

"புள்ள பெத்த ஒடம்பு கெடக்குற எடத்துல மீன் தொட்டியா?" என்று வள்ளியம்மா கத்தினாள். "சமைக்க வாங்கினத சாமி மாதிரி உக்காத்தி வச்சிருக்கீங்க!"

அய்யாவு காலையிலும் மாலையிலும்தான் பார்த்தார். புஷ்பவல்லி நாள் முழுக்கப் பார்த்தாள். அவளுக்கும் வேறு என்ன வேலை? குழந்தை தூங்கிவிட்டால் மீன்தான். அதற்குச் சோம்பேறி என்று பேர்கூட வைத்துவிட்டாள்.

"அப்பா, அது நேரா நிக்கறதே இல்ல. எடது பக்கமா கொஞ்சம் சாஞ்சுதான் நிக்குது. செவுளு பக்கத்துல இருக்கே, அந்தச் சின்னத் துடுப்பு, அதுல ஒண்ண மட்டும் விசிறிக்கிட்டே இருக்கு. இன்னொண்ண ஒடம்போட ஒட்டி வச்சுக்குது."

அய்யாவு குனிந்து பார்த்தார். அவள் சொன்னது சரி. வாய் மூடியிருந்தது. முதுகுத் துடுப்பு பாதி படிந்து கிடந்தது. வால் லேசாக ஒருபக்கம் ஒதுங்கியிருந்தது. ஒன்றுமே செய்யாமல் நிற்கிற மாதிரி இருந்தது, ஆனால் அந்த ஒரு துடுப்பு மட்டும் ஓயவில்லை. மாலையில் அவர் மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தோலுக்குள் வைக்க வேண்டிய கட்டையைச் செதுக்கினார். தலை இன்னும் கொஞ்சம் தூக்கலாக இருக்க வேண்டும், வயிறு இவ்வளவு பருமன் இல்லை என்று அவள் படுத்தபடியே திருத்தம் சொன்னாள். துரை எங்கிருந்தோ வேறொரு மீனைக் கொடுப்பார் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். வளர்ந்த பிறகு மகளோடு அப்படிச் சேர்ந்து உட்கார்ந்ததே இல்லை என்று அய்யாவு அதே வரிசையில் குடியிருந்த என்னிடம் பிற்பாடு சொன்னார்.

காய்ச்சல் விட்டது. வள்ளியம்மா அரிவாள்மனையை எடுத்தாள்.

"சோம்பேறிய வெட்டினீங்கன்னா நான் கஞ்சிகூடக் குடிக்க மாட்டேன்," என்றாள் புஷ்பவல்லி. சொன்னபடியே ஒரு வேளைக் கஞ்சியைக் குடிக்கவும் இல்லை. அப்பனைப்போலப் பிடிவாதம்.

வேறு விரால் வாங்கலாம் என்றால், மழை கொட்டிக் குட்டைகள் நிரம்பிப் பாசாருக்கு விராலே வரவில்லை. புண் மூடாமல் நீர் கசிந்தது. மாதமும் முடியப்போனது. புருஷனும் பெண்டாட்டியும் அடுப்படியில் நின்று மெதுவாகப் பேசினார்கள். சதை அவளுக்கு, தோல் இவருக்கு. கல்யாணம் ஆனதிலிருந்து அந்த இரண்டு பேரும் சண்டை இல்லாமல் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான் என்று நினைக்கிறேன்.

மகள் மத்தியானம் தூங்கும்போது அய்யாவு மீனைப் பின்கட்டுக்கு எடுத்துப் போனார். அதுவரை அவர் கைக்கு வந்ததெல்லாம் செத்த பிறகு வந்தவை. இதை அவரே கொல்ல வேண்டியிருந்தது. தரையில் போட்டதும் அது துள்ளியது. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு அடித்தார். தோலை உரித்து உப்பில் போட்டு எடுத்துக்கொண்டார். சதையை வாங்கும்போது வள்ளியம்மா, "தோலுக்குப் பூசுற அந்த மியூசியத்து நஞ்சு சோப்ப இன்னும் தொடலியே?" என்று கேட்டு, கையை முகர்ந்து பார்த்த பிறகுதான் வாங்கினாள்.

மகள் விழித்ததும் அய்யாவு சொன்னார், "உன் சோம்பேறியக் கிள்ளான் ஆத்துல விட்டுட்டேன்மா. இது பாசார்ல கெடச்சுது."

அவள் அப்பாவை நம்பினாள். சாற்றைக் குடித்துவிட்டு இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னாள். புண்ணும் ஆறியது. சாற்றால் ஆறியதா, நாளால் ஆறியதா, எனக்குத் தெரியாது. அவள் குழந்தையோடு கிள்ளானுக்குப் போய்ச் சேர்ந்தாள்.

மியூசியத்தில் அய்யாவு தோலைக் கட்டையில் போர்த்தித் தைத்துவிட்டு, அதை நேராகவும் சாய்த்தும் பிடித்துப் பார்த்தார். நேராக நிறுத்தினால் அது யாருடைய விராலாகவும் இருந்திருக்கும். துரையும் ஒன்றும் சொல்லப்போவதில்லை. ஆனால் அது எப்படி நிற்கும் என்று அவருக்குத் தெரியும். தெரிந்துகொண்டு வேறு மாதிரி வைக்கக் கை வரவில்லை. கிள்ளானில் இருக்கிறவள் செத்த காலேஜுக்கு எதற்கு வரப்போகிறாள் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு இடது பக்கம் சாய்த்தார். ஒரு துடுப்பை விரித்தார், ஒன்றை ஒட்டினார். காய்ந்த பிறகு நிறம் பூசினார். துரை பார்த்துவிட்டு "பாகுஸ்", நன்றாக இருக்கிறது, என்றார். வேலை நிலைத்தது. ஆனால் ஜனங்கள் அந்த மீனுக்கு முன் நிற்கவில்லை. புலியைத்தான் பார்த்தார்கள்.

தைப்பூசத்துக்குப் பத்துமலை வந்த கூட்டம் திரும்பிப் போகிற வழியில் மியூசியத்தையும் ஒரு சுற்றுச் சுற்றும். அந்தக் கூட்டத்தில் மருமகன் விஜயனும் புஷ்பவல்லியும் குழந்தையோடு வந்து நின்றார்கள். மாமனார் வேலையைப் பார்க்க வேண்டும் என்று மாப்பிள்ளைக்கு ஆசை. அய்யாவு புலியைக் காட்டினார், மலைப்பாம்பைக் காட்டினார். குழந்தை அழுகிறதே, வெளியே காற்றாட உட்காரலாமே என்றார். குழந்தை சிரித்துக்கொண்டுதான் இருந்தது.

புஷ்பவல்லி மீன் பெட்டிக்கு முன்னால் நின்றுவிட்டாள்.

"அப்பா, இது சோம்பேறி."

எல்லா விராலும் ஒரே மாதிரிதான் இருக்கும்மா என்று சொல்ல அய்யாவு தயாராகத்தான் இருந்தார். அவளை வாசலில் பார்த்ததிலிருந்து அதை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்திருந்தார். ஆனால் இத்தனை மாதத்தில் அந்த மீனுக்கு முன் நின்ற ஒரே ஆள், பார்த்த மாத்திரத்தில் அதை அடையாளம் கண்டுவிட்டாள். அவருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

"எத வச்சும்மா கண்டுபுடிச்சே?" என்று கேட்டுவிட்டார்.

அவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். குழந்தையை விஜயன் கையில் கொடுத்தாள். பிறகு முந்தானையை எடுத்து வாயை அழுத்தித் துடைத்தாள். அவள் அந்தச் சாற்றைக் குடித்துப் பல மாதங்கள் ஆகியிருந்தன.