ஆர்னெட்டா போடாத பாட்டு

சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு டோவர் லேண்டிங்கில் எந்தத் தெருவில் நடந்தாலும் வானொலியில் ஆர்னெட்டா பிக்ஸின் குரல் கூடவே வரும். முடிவெட்டும் கடையில் ஆரம்பித்த பேச்சு, மீன் வறுக்கும் கடையில் தொடர்ந்து, லாரி பழுதுபார்க்கும் கொட்டகையில் முடியும். “எல்லாரும் இன்னும் உசுரோடதான் இருக்கீங்களா? அப்ப சரி, ஆரம்பிக்கலாம்” என்பாள். அதன் பிறகு இரண்டு மணி நேரம், கறுப்பின மக்களின் துயரப் பாட்டான ப்ளூஸ்.

வாரநாட்களில் அவள் பள்ளிப் பேருந்து ஓட்டினாள். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் இரண்டாம் வரிசையில் நின்று பாடினாள். “சனிக்கிழமை சாத்தானுக்கு, ஞாயித்துக்கிழமை கர்த்தருக்கா, சிஸ்டர் பிக்ஸ்?” என்று பாஸ்டர் ஒருமுறை கேட்டார். “ரெண்டு பேரும் நம்ம ஊர்லதானே குடியிருக்காங்க, பாஸ்டர்” என்றாள். அவர் மறுபடி கேட்கவில்லை.

பாட்டுகளைத் தேர்ந்தெடுக்கும் வேலை அவளுக்குத் திங்கட்கிழமையே பேருந்தில் தொடங்கிவிடும். யார் வீட்டுக் கதவில் கறுப்புத் துணி தொங்குகிறது, யார் வீட்டு வாசலில் நின்ற லாரியை ஒரு வாரமாகக் காணவில்லை, மீன் ஆலையில் எத்தனை பேரைத் திருப்பி அனுப்பினார்கள், பருத்தி நனைந்துவிட்டதா என்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே ஓட்டுவாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் படுக்கையறைத் தரையில் உட்கார்ந்து, இசைத்தட்டுப் பெட்டிகளை முன்னால் இழுத்து வைத்துக்கொள்வாள். எதைப் போடுவது என்பதில் அவளுக்குச் சிரமமே இருந்ததில்லை. எதை இந்த வாரம் போடக்கூடாது என்பதில்தான் பொழுது போகும். ஆற்றில் தண்ணீர் ஏறினால் வெள்ளத்துப் பாட்டு கிடையாது. ஒருவரைப் புதைத்த வாரம் கல்லறைப் பாட்டு கிடையாது. பக்கத்துத் தெரு ரோவீனாவை அவள் புருஷன் விட்டுப்போனபோது, விட்டுப்போன பாட்டுகள் அத்தனையையும் ஒதுக்கி வைத்தாள். ப்ளூஸில் அதைக் கழித்தால் மிச்சம் என்ன இருக்கும்? அந்த மாதம் முழுக்க ஊர் கோவேறு கழுதையைப் பற்றியும் சாராயத்தைப் பற்றியும் மட்டுமே கேட்டது. ஏன் என்று யாரும் கேட்கவில்லை. ரோவீனாவுக்கும் தெரியாது.

ஒரே ஒரு பாட்டு மட்டும் எந்த வாரத்திலும் வந்ததில்லை. அதுதான் ஊருக்கே பெயர் வாங்கித்தந்த பாட்டு.

ஹோமர் ஸ்டக்கி இந்த ஊர்க்காரர். பருத்தி ஆலையில் மூட்டை தூக்கிக்கொண்டு கிடார் வாசித்தவர். ஒரு சண்டையில் சிறைப் பண்ணைக்குப் போய்த் திரும்பி வந்தபோது, கூட வாழ்ந்த பெண் கதவைத் திறக்கவில்லை. அவர் செயின்ட் லூயிஸுக்கு ரயிலேறி, அவள் பெயரையே பாட்டாக்கினார். “வெர்டெல், வெர்டெல், உன் வீட்டு விளக்கு யாருக்கு எரியுது?” என்று தொடங்கும். காசு போட்டால் பாடும் பெட்டிகளில் எல்லாம் அது ஓடியது. பாட்டும் ஹோமரும் வெளியூருக்குப் போனார்கள். வெர்டெல் இங்கேயே இருந்தார். பள்ளிச் சமையலறையில் வேலை செய்தார், வேறொருவரை மணந்தார், அவரைப் புதைத்தார். அவர் கடைக்குள் நுழைந்தால் யாராவது ஒருவன் மெல்ல அந்த முதல் வரியை முனகுவான். இன்னொருவன் சிரிப்பான்.

வானொலிக்கு யாராவது கூப்பிட்டு அந்தப் பாட்டைக் கேட்டால் ஆர்னெட்டா, “தட்டு கீறிப் போச்சு, பேபி” என்பாள். தட்டு புதிது போல உறைக்குள் இருந்தது.

ஒரு பிப்ரவரியில் ஹோமர் செயின்ட் லூயிஸில் இறந்துபோனார். வானொலி நிலையத்தைப் பார்த்துக்கொள்ளும் கோய்ல், ஆர்னெட்டாவைப் பேருந்து நிற்கும் இடத்துக்கே தேடி வந்தார்.

“இந்தச் சனிக்கிழமை முழுக்க ஹோமர்தான். ஊரே கேக்கும். நீ ‘வெர்டெல்’லதான் ஆரம்பிக்கணும்.”

“தட்டு கீறிப் போச்சே.”

“ஆர்னெட்டா, உன் கீறல் கதைய நான் ரொம்ப நாளா கேட்டுட்டு இருக்கேன். வேற தட்டு நான் வாங்கித் தரேன். அந்தப் பாட்டு இல்லாம ஹோமரா? உப்பில்லாத சோளக்கஞ்சி மாதிரி இருக்கும்.”

வெள்ளிக்கிழமை பேருந்தை நிறுத்திவிட்டு அவள் வெர்டெல் வீட்டுக்குப் போனாள். வெர்டெல் சமையலறையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். எழுபதை நெருங்கிய பெண்மணி. நிமிர்ந்து பார்த்துவிட்டு, காலால் நாற்காலியை நகர்த்திக் கொடுத்தார்.

“உக்காரு. நீ எதுக்கு வந்திருக்கன்னு தெரியும்.”

“மிஸ் வெர்டெல், அந்தப் பாட்டு…”

“உன் நிகழ்ச்சிய நான் ஒரு வாரமும் விட்டதில்ல. துணி தேய்ச்சுட்டே கேப்பேன். முதல் வருஷம் ஒரு கை இஸ்திரிப்பெட்டில, ஒரு கை ரேடியோ குமிழ்ல. இப்ப வரும், இப்ப வரும்னு. அப்புறம்தான் புரிஞ்சுது, இந்தப் பொண்ணு போடமாட்டா. அதுக்கப்புறம் ரெண்டு கையாலயும் துணி தேய்ச்சேன்.”

ஆர்னெட்டா ஒரு கீரைக்கட்டை எடுத்துப் பிரித்தாள். “நாளைக்குப் போடச் சொல்றாங்க. நீங்க வேணாம்னா போடல. சரின்னா…”

வெர்டெல் கீரையைக் கீழே வைத்தார். “அந்த ஆளு எங்கிட்ட கேக்காம என் பேரப் பாட்டுல வச்சான். நீ எங்கிட்ட கேட்டுட்டு வைக்கப் பாக்கற. போட்டா வெர்டெல் சரின்னா, போடலன்னா வெர்டெல் தடுத்தா. ரெண்டுக்கும் நானா? ஊருக்கு என்ன போடறதுன்னு பாக்கறது உன் வேலை, பொண்ணே. அத எடுத்துட்டு வந்து என் மடியில வைக்காத.”

“தப்புதான்.”

“தப்புதான். கீரை கொஞ்சம் எடுத்துட்டுப் போ.”

வீட்டுக்கு வந்தும் அந்தப் பேச்சு உறுத்திக்கொண்டே இருந்தது. பெரியவரிடம் மரியாதைக்காகக் கேட்கப் போனதாகத்தான் நினைத்திருந்தாள். பாரத்தை இறக்கி வைக்கப் போயிருக்கிறாள்.

மறுநாள் ஹோமரின் மற்ற தட்டுகளை எல்லாம் எடுத்துக்கொண்டு போனாள். மூன்றுதான் இருந்தன. அவற்றோடு, யாரோ ஒரு மீன் விருந்தில் பதிவுசெய்த ஒலிநாடா ஒன்று. அதில் ஹோமர் கிடாரைச் சுருதி சேர்த்துக்கொண்டே பக்கத்தில் இருப்பவனோடு சோளரொட்டியைப் பற்றிச் சண்டை போடுகிறார். அதையும் போட்டாள். தொலைபேசி ஓயவில்லை. கடைசியில் ஒலிவாங்கியை இழுத்து வைத்துக்கொண்டு சொன்னாள்: “அந்தப் பாட்ட எல்லாரும் கேக்கறீங்க. தட்டு கீறல, நல்லாத்தான் இருக்கு. இத்தன வருஷம் நான் பொய் சொன்னேன். நான்தான் போடல, இன்னிக்கும் போடப்போறதில்ல. உங்களுக்குத்தான் மனப்பாடமா இருக்கே, வீட்ல பாடிக்கோங்க.”

கோய்ல் இரண்டு வாரம் அவளோடு பேசவில்லை. முடிவெட்டும் கிளீவன், “கல்யாணத்துக்குக் கூப்பிட்டுட்டு மாப்பிள்ளைய ஒளிச்சு வச்சிட்டியே” என்று பார்க்கும்போதெல்லாம் சீண்டினான். அவள் சிரித்துவிட்டுப் போனாள்.

ஏப்ரலில் அவளுக்குக் கண்ணில் அறுவை சிகிச்சை நடந்தது. அந்தச் சனிக்கிழமை நிகழ்ச்சியைக் கோய்லே நடத்தினார். கண்ணுக்கு மேல் பஞ்சு ஒட்டி, திரை இழுத்த அறையில் ஆர்னெட்டா படுத்திருந்தாள். இரண்டு மணிக்கு வானொலி முதல் பாட்டைத் தொடங்கியது. “வெர்டெல், வெர்டெல்…”

செருப்பை மாட்டிக்கொண்டு, சுவரையும் வேலியையும் பிடித்துப் பிடித்து நடந்துபோனாள். வெர்டெல் வீட்டில் இஸ்திரிப்பெட்டி நிமிர்த்தி வைக்கப்பட்டிருந்தது. வானொலியில் அதற்குள் வேறு யாரோ பாடிக்கொண்டிருந்தார்கள்.

“கண்ணக் கட்டிட்டு எதுக்கு அலையற? விழுந்து வைக்கவா?”

“மிஸ் வெர்டெல், நான் போடல. எனக்குத் தெரியாது.”

“நீ போடலன்னு தெரியும். நீ முதல் பாட்டே அப்படி அழுகையா வைக்கமாட்ட.” வெர்டெல் அவளைக் கையைப் பிடித்து உட்காரவைத்தார். “அணைக்கத்தான் போனேன். கையில ஈரத்துணி. வச்சிட்டு வர்றதுக்குள்ள ரெண்டாவது அடி போயிருச்சு. அப்புறம் அப்படியே நின்னுட்டேன். கடைசி அடின்னு ஒண்ணு இருக்கே, அதையும் கேட்டேன்.”

அந்தக் கடைசி அடி ஆர்னெட்டாவுக்குத் தெரியும். பாட்டின் ஒவ்வொரு மூச்சும் தெரியும். கதவைச் சாத்தியது நீ இல்லை, பூட்டு வாங்கி வந்தவன் நான்தான் என்று ஹோமர் குரலைத் தாழ்த்திச் சொல்லிவிட்டு கிடாரை நிறுத்துகிற இடம் அது. தெரிந்திருந்தும் இந்த வீட்டுக்காரருக்கு அது தெரியுமா என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

“இதுக்கு முன்னால நீங்க அதக் கேட்டதே இல்லையா?”

“எங்க கேக்கறது? முதல்ல அத மீன்கடையில கேட்டேன். பேர் வந்த உடனே எழுந்து வந்துட்டேன். அப்புறம் எங்க பாடினாலும் நான் எழுந்து வந்துடுவேன். ஊர்ல பாடறவனுங்களுக்கு முதல் வரிக்கு மேல தெரியாது.” வானொலியைத் திரும்பிப் பார்த்தார். “அந்தக் கடைசி அடிய அந்த ஆளு முதல் வரியா வச்சிருக்கலாம்.”

“நான் சொல்லியிருக்கணும்” என்றாள் ஆர்னெட்டா.

“சொல்லியிருக்கலாம். நான் நம்பியிருப்பேனோ என்னவோ.” வெர்டெல் எழுந்து இஸ்திரிப்பெட்டியைத் தொட்டுப் பார்த்தார். “மேல போறப்ப சுருதி வேற விழுந்துருச்சு அவனுக்கு. சாப்பிட்டியா?”

“இல்ல.”

பட்டர் பீன்ஸும் சோளரொட்டியும் தட்டில் வந்தன. இருவரும் கோய்ல் நடத்திய நிகழ்ச்சியை முடியும்வரை கேட்டார்கள். அவர் கல்லறைப் பாட்டு இரண்டை அடுத்தடுத்துப் போட்டபோது வெர்டெல் ஆர்னெட்டாவைப் பார்த்தார். ஆர்னெட்டா ஒரு கண்ணால் கூரையைப் பார்த்தாள்.

கண் ஆறியதும் ஆர்னெட்டா மறுபடி தன் சனிக்கிழமைக்குத் திரும்பினாள். அந்தப் பாட்டை அதற்குப் பிறகும் அவள் போடவில்லை. கேட்பவர்களிடம், “கடைசி வரைக்கும் எப்பவாச்சும் கேட்டிருக்கீங்களா?” என்று திருப்பிக் கேட்டாள். ஒன்றை மட்டும் மாற்றிக்கொண்டாள். நான்கு மணிச் செய்திக்காகக் கடைசிப் பாட்டைப் பாதியில் மெல்ல இறக்கி நிறுத்துவது நிலையத்தில் எல்லோருக்கும் பழக்கம், அவளுக்கும்தான். இப்போது பாடுகிறவர் வாயை மூடும்வரை அவள் கை குமிழுக்குப் போகாது.

“நாலு மணிச் செய்தி தள்ளித் தள்ளி வருது, ஆர்னெட்டா” என்று கோய்ல் வாசலில் நின்று முறைத்தார்.

“வரட்டும்” என்றாள். “அவர் இன்னும் சொல்லி முடிக்கல.”