கிணற்றடி வேலி

உருத்திரபுரத்தில் எங்கள் வீட்டு வளவுக்குப் பக்கத்து வளவு ஓர் அக்காவுடையது. போர் முடிந்த வருடம் செட்டிகுளம் முகாமில் அவரைக் கடைசியாகக் கண்டேன். "நீங்கள் முதல் போனா என்ரை காணியையும் ஒருக்காப் பாத்துக்கொள்ளுங்கோ" என்றார். அதன்பிறகு அவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை.

ஊர் திரும்பி அவருடைய காணியில் பற்றைக்காடு வெட்டினேன். அவருடைய கிணற்றில் இறைத்துக் கத்தரி வைத்தேன். பத்து வருடம் கடந்ததும், இவ்வளவு காலம் நான் ஆண்ட காணி என்று ஆட்சியுரிமை கேட்டு வழக்குப் போடலாம் என்றார் வழக்கறிஞர்.

"ஆனா, அவா பாக்கச் சொல்லி விட்டவாவோ? அப்பிடியெண்டா வழக்கு நிக்காது."

"இல்லை" என்றேன். நீதிமன்றத்திலும் அதையே சொன்னேன். நாக்கு இடறக்கூட இல்லை. கிணறு வரைக்கும் எனக்குத் தீர்ப்பானது.

மாரி மழை தொடங்கியதும் இரண்டு வளவுக்கும் இடையிலிருந்த பழைய வேலியின் பூவரசையும் கிளுவையையும் தறித்து, அந்தத் தடிகளையே கிணற்றுக்கு அப்பால் புது வேலிக்குக் கதியாலாக நட்டோம். நான் கிடங்கு தோண்டிக்கொண்டு முன்னே போக, மனைவி பின்னால் நட்டுக்கொண்டு வந்தாள். திரும்பிப் பார்த்தால், வேலியின் நடுவில் ஓர் ஆள் நுழையும் அளவுக்கு இடைவெளி. அயலுக்குப் போய்வர எங்கள் பக்கத்தில் அப்படி ஒன்று விடுவார்கள். பழைய வேலியிலும் இருந்தது.

"விசரே உமக்கு? இனி ஆர் வரப்போகினம்? உந்த இடைவெளியை அடையும்!" என்று சத்தம் போட்டேன்.

அவள் கையிலிருந்த மண்ணைத் தட்டினாள்.

"அக்கா வந்தா, தன்ரை கிணத்திலை தண்ணி அள்ள எதாலை வாறது?"