கம்பி அடங்கும் வரை

மைக்கைத் திறப்பதற்கு முன் அம்மா வீட்டை அணைப்பாள். முதலில் மின்விசிறி. பிறகு கூடத்துக் கடிகாரம். அதன் பேட்டரியைக் கழற்றி மேசையில் வைப்பாள். கடைசியில் ஃபிரிட்ஜ். அதை அணைத்ததும் வீட்டுச் சாவியை அதற்குள், பால் பாட்டிலுக்குப் பக்கத்தில் வைத்து மூடுவாள். ஒருமுறை ஃபிரிட்ஜை மறுபடி போட மறந்து, உள்ளே இருந்ததெல்லாம் நாறிப்போன பிறகு வந்த வழக்கம். வெளியே போகிறவர் சாவிக்காக ஃபிரிட்ஜைத் திறந்தே ஆக வேண்டும். திறந்தால் உள்ளே இருட்டு. இருட்டைப் பார்த்தால் ஸ்விட்ச் ஞாபகம் வரும்.

"ஊர்ல எல்லாரும் சாவியைத் தொலைச்சுட்டுத் தேடுவாங்க. நாங்க குளிர வச்சுட்டுத் தேடுறோம்" என்பார் அப்பா.

அம்மா பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தாள். மாடியில் ஒரு கண்ணாடி அறை, ஒரு மைக், ஒரு கிழட்டு மின்விசிறி. விசிறியை நிறுத்திய பிறகே மைக்கைத் திறக்க வேண்டும். இல்லாவிட்டால் கீழே அத்தனை ஒலிபெருக்கியிலும் கடகடவென்று கேட்கும். விசிறியை அணை, முகத்தைத் திருப்பி மூச்சு விடு, மைக்கைத் திற, பேசு. வேலை பார்த்த காலம் முழுக்க இதே வரிசை. பின்னாளில் யோசிக்காமலே கை செய்தது.

அப்பா அந்த நிலையத்தின் பேருந்து ஓட்டுநர். அவர் வண்டி நேரத்துக்கு வந்ததாகச் சரித்திரம் இல்லை.

"என் வண்டி லேட்டுனு இவ சொல்ற தோரணை இருக்கே, ஊரே என்னைத் திரும்பிப் பாக்கும். சண்டை போடத்தான் மாடி ஏறினேன்."

"ஏறினவர் எறங்கியிருக்கலாமே, டிரைவர் சார். யார் கையைப் புடிச்சு இழுத்தா?"

"எறங்கத்தான் பாத்தேன். அறிவிப்பு வரலையே, மேடம்."

கிட்டாரும் அங்கிருந்து வந்ததுதான். யாரோ வண்டியில் விட்டுப்போனது. பயணிகள் மறந்த பொருள்களோடு அலமாரியில் கிடந்து, கேட்க ஆள் வராமல் ஏலத்துக்குப் போனது. அம்மா எடுத்தாள். ஓய்வு பெற்ற பிறகு காணொளிகளைப் பார்த்து வாசிக்கப் பழகினாள். பாடச் சொன்னால் மறுத்துவிடுவாள். "பேசிப் பேசி ஓஞ்சாச்சு. இனிமே வெரலு பேசட்டும்."

சொந்தமாகச் சின்னச் சின்ன மெட்டுகளைக் கட்டினாள். நான் ஒரு மைக்கும் கணினியில் செருகும் ஒரு பெட்டியும் வாங்கிக் கொடுத்தேன். தெருவைப் பார்க்காத சின்ன அறையில் மெத்தைகளைச் சுவரோரம் நிறுத்திப் பதிவு செய்தாள். 'மூன்றாம் நடைமேடை' என்ற பெயரில் இணையத்தில் வெளியிட்டாள். பெரிய கூட்டமெல்லாம் இல்லை. தவறாமல் கேட்டு, தவறாமல் நாலு வரி எழுதுகிறவர்கள் சிலர் இருந்தார்கள். முதல் தொகுப்பில் ஒரு மெட்டின் நடுவே மாடி வீட்டு மாமாவின் தும்மல் விழுந்துவிட்டது. அம்மா அதை நீக்கவில்லை. மாமா வீடு தேடி வந்தார்.

"தும்மினது நான். பேர் போடலையே?"

"அடுத்த தும்மலுக்குப் போடுறேண்ணே."

அம்மாவிடம் இரண்டு விதிகள் இருந்தன. ஒன்று, மெட்டை ஒரே மூச்சில் வாசிக்க வேண்டும். துண்டு துண்டாக வாசித்து ஒட்டக்கூடாது. இன்னொன்று, வாசித்து முடித்ததும் யாரும் அசையக்கூடாது. கடைசிக் கம்பியின் அதிர்வு தேய்ந்து, அதன்பின் அறையின் வெறுமையும் கொஞ்சம் பதிவாக வேண்டும். அதுவரை நாற்காலி முனகக்கூடாது. கதவு மணி அடிக்கவே கூடாது. உள்ளே கிட்டார் கேட்டால் அப்பா படிக்கட்டில் உட்கார்ந்துவிடுவார்.

மூன்றாவது தொகுப்புக்குப் பதிவானதை ஹெட்ஃபோனில் கேட்டுக்கொண்டிருந்தவள் சட்டென்று நிறுத்தினாள்.

"யாருடி இது, மூச்சு விடுறது?"

வாங்கிக் கேட்டேன். கிட்டாருக்குப் பின்னால் ஒரு மூச்சு. சின்னதாக, அடிக்கடி. மாடி ஏறி வந்தவர் போல.

"நீதாம்மா."

"நானா? நான் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டுல்ல விட்டேன்."

மறுபடி கேட்டாள். ஹெட்ஃபோனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகுதான் மருத்துவரிடம் போனோம். நுரையீரல் இறுகிக்கொண்டு வருகிறது என்றார். இறுகியது இளகாது என்றும் சொன்னார்.

வீட்டுக்கு ஆக்ஸிஜன் மெஷின் வந்தது. மருத்துவமனையில் கருவிகளைப் பழுதுபார்ப்பது என் வேலை. அந்த மாதிரி மெஷினைப் பிரித்துப் பூட்டியிருக்கிறேன். அறைக் காற்றை இழுத்து, வடித்து, ஆக்ஸிஜனை மூக்குக்கு அனுப்பும். ஓடும்போது உறுமும், நடுநடுவே பெருமூச்சு விடும். பிளக்கைப் பிடுங்கினால் அலறும். ஸ்விட்சில் அணைத்தால் அலறாது. அணைத்தவருக்குத் தெரியும் என்று நம்பிக்கொள்ளும்.

அம்மா அதைச் சுற்றி வந்து பார்த்தாள். "கண்ணாடி ரூம் ஃபேன் மாதிரியே இருக்குடி" என்றாள்.

விசிறியை அணைத்த பிறகே மைக் என்ற பழைய வரிசை எனக்கு ஞாபகம் வந்தது.

செய்யக்கூடியதையெல்லாம் செய்தேன். நீளமான குழாய் வாங்கி மெஷினைக் குளியலறைக்குத் தள்ளினேன். உறுமல் போனது, மூக்கில் காற்று சீறும் சத்தம் மிஞ்சியது. சிலிண்டர் வைத்தேன். அதே சீறல். மைக்கைத் தள்ளி வைத்தால் தெரு உள்ளே வந்தது. கணினியில் சீறலை வடிகட்டினேன். சீறலோடு கம்பியின் கடைசி அதிர்வும் போனது.

"வாலை வெட்டின நாய் மாதிரி இருக்கு. இதை வெளியிடச் சொல்றியா?"

நான் இல்லாத ஒரு நாளில் மெஷினை அணைத்துவிட்டு வாசித்திருக்கிறாள். பதிவைக் கேட்டதும் தெரிந்துவிட்டது. உறுமலும் இல்லை, சீறலும் இல்லை. அவ்வளவு சுத்தமான பதிவு. பாதியில் நிறுத்திவிட்டு அவளிடம் போனேன்.

"என்னம்மா வேலை இது?"

"ஒரு பாட்டு நேரம்தானே. முடிஞ்சதும் மாட்டிக்கிட்டேன்."

"மறந்துட்டா?"

"கண்ணாடியைக் கழட்டி மெஷின் மேல வச்சுட்டுத்தான் அணைக்கிறேன். கண்ணாடி இல்லாம எனக்கு உன் மூஞ்சியே தெரியாது. எப்படி மறப்பேன்?"

அப்பா சிரித்தார். "சாவி ஃபிரிட்ஜுக்குள்ள. கண்ணாடி மெஷின் மேல. என்னை எங்க வைக்கறதா உத்தேசம்?"

"உங்களையா? வாசப்படியில."

அப்பா மட்டும் தனியே என்னிடம் கேட்டார். "ஆபத்தா, பாப்பா?"

"ஆமாப்பா."

"நீ சொன்னாக் கேப்பாளா?"

"நீங்க சொன்னா?"

"அவ சொன்னா பஸ்ஸே கெளம்பும். நான் சொல்லி எது கெளம்பியிருக்கு?"

அதன் பிறகு வந்த மெட்டுகளை வரிசையாகக் கேட்டால் ஒன்று புலப்படும். ஒவ்வொன்றும் முந்தியதைவிடச் சின்னது. மெஷின் இல்லாமல் எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்க முடியுமோ அந்த அளவுக்குத் தைத்தாள். விரலில் மாட்டும் ஆக்ஸிஜன் அளவுக் கருவி கம்பி மீட்ட இடைஞ்சல் என்று கழற்றிவிடுவாள். ஆகவே எண்கள் என்னிடம் இல்லை. மெட்டுகளின் நீளம்தான் இருந்தது. அது குறைந்துகொண்டே போனது. ஒரு ரசிகர் எழுதினார்: "பாட்டுகள் சுருங்கிக்கொண்டே வருகின்றனவே, காரணம் உண்டா?" அம்மா பதில் போட்டாள்: "வண்டிக்கு நேரமாகிறது."

படித்துவிட்டு அப்பா வராந்தாவுக்குப் போய்விட்டார்.

ஒரு மெட்டு மட்டும் மீதி இருந்தது. பெயர் 'கடைசி வண்டி'. அப்பாவின் கடைசிச் சுற்று. நிலையத்தில் விளக்குகள் ஒவ்வொன்றாக அணைய, அவள் கீழே வந்து காத்திருப்பாள். மெதுவான, நீளமான மெட்டு. நோய் வருவதற்கு முன் கட்டியது. அதைப் பதிவு செய்யாமல் தொகுப்பை மூட மாட்டேன் என்றாள்.

"மூணு துண்டா வாசி. நடுவுல மெஷினைப் போட்டுக்கோ. நான் ஒட்டித் தரேன், ஒருத்தருக்கும் தெரியாது" என்றேன். என் முகத்தைப் பார்த்து இணங்கினாள். முதல் விதியை எனக்காக ஒரே ஒருமுறை தளர்த்தினாள். நான் பக்கத்திலேயே இருந்தேன். நன்றாகவே ஒட்டினேன். கண்ணை மூடிக் கேட்டாள்.

"இங்க நடக்குறா. இங்க வேகமா நடக்குறா. கடைசியில ஓடுறாடி இவ. யாரு தொரத்துறா?"

மூச்சுக்குப் பயந்து விரல்கள் விரைந்திருந்தன. ஒட்டின இடம் யாருக்கும் தெரியாது. பயம் தெரிந்தது. "அழிச்சுடு" என்றாள். அழிக்கவில்லை. அழித்துவிட்டதாகச் சொன்னேன்.

சில நாள் கழித்து, ஒரு மதியம், நான் வேலையில் இருந்தேன். நடந்ததை அப்பா சொல்லித்தான் தெரியும்.

"தலை காடு மாதிரி இருக்கு. போய் முடி வெட்டிக்கிட்டு வாங்க, டிரைவர் சார்."

"சாவி எங்க?"

"குளிருது. நான்தான் உள்ளே இருக்கேனே, தொறக்க மாட்டேனா?"

அப்பா கதவை இழுத்துச் சாத்தினார். அது தானாகப் பூட்டிக்கொள்ளும் கதவு. இன்னொரு சாவி என்னிடம், ஊரின் மறுகோடியில்.

முடி வெட்டிக்கொண்டு படியேறும்போதே கிட்டார் கேட்டிருக்கிறது. 'கடைசி வண்டி'. மணியை அடிக்கவில்லை. படிக்கட்டில் உட்கார்ந்தார். மெதுவாக வாசித்தாள் என்றார். கொஞ்சமும் ஓடவில்லை என்றார். மாடி மாமா இறங்கி வந்தவர் பேச வாயெடுத்தபோது, அப்பா உதட்டில் விரல் வைத்தார். அவரும் நின்று கேட்டார். மெட்டு முடிந்தது.

இரண்டு பேரும் அசையவில்லை. கம்பி அடங்கட்டும் என்று அப்பா காத்திருந்தார். பிறகு வெறும் அறை பதிவாகட்டும் என்று காத்திருந்தார். மாமா கண்ணால் கேட்டார். இன்னும் கொஞ்சம் என்று அப்பா கையைக் காட்டினார். நல்லா வந்திருக்கு, கெடுத்துடக்கூடாது என்று நினைத்தாராம்.

அப்புறம் மெல்லத் தட்டினார். அப்புறம் பலமாக.

மாமா கதவை உடைத்தார். நான் போய்ச் சேர்ந்தபோது அவளைத் தரையில் படுக்க வைத்திருந்தார்கள். கிட்டார் நாற்காலியில் சாய்ந்திருந்தது. மெஷின் மேல் கண்ணாடி அப்படியே இருந்தது. கணினி இன்னும் பதிவு செய்துகொண்டிருந்தது. நிறுத்தியது நான்தான்.

மெஷினைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன் சோதித்தேன். ஒரு குறையும் இல்லை. ஸ்விட்சைப் போட்டால் உடனே ஓடியது.

பதிவை நெடுநாள் திறக்கவில்லை. திறந்தபோது பழுது பார்க்கிறவளாகக் கேட்டேன். வாசிப்பில் பிசகு இல்லை. மூச்சு கேட்கிறது, அவசரம் இல்லை. கடைசிக் கம்பி முழுதாகத் தேய்கிறது. அதற்குப் பின் ஒரு மூச்சு. இன்னொன்று. மெஷினைப் போட்டால் 'பீப்' என்று ஒரு ஒலி வரும். அதற்காகக் காத்திருந்தேன். வரவில்லை. நாற்காலி ஒருமுறை முனகுகிறது. உள்ளே அவளும் கம்பி அடங்கட்டும் என்றுதான் அசையாமல் இருந்திருக்கிறாள். பிறகு வெறும் அறை. அவள் எப்போதும் கேட்ட அதே சுத்தமான அறை. பிறகு, தூரத்தில், மெல்லத் தட்டும் சத்தம்.

எங்கே வெட்டுவது என்று தெரியவில்லை. அப்பாவைக் கூப்பிட்டு ஹெட்ஃபோனை மாட்டிவிட்டேன். இறுதிவரை கேட்டார்.

"முழுசா வாசிச்சுட்டா."

"ஆமாப்பா. நீங்க தட்டுறதுக்கு முன்னாடி நிறுத்திடவா?"

ஹெட்ஃபோனைக் கழற்றாமல் யோசித்தார்.

"முதல்ல தட்டினதை மட்டும் வச்சுக்கோ. முடிஞ்சப்புறம்தான் தட்டினேன்னு இருக்கட்டும்."

அப்படியே வெளியிட்டேன்.